டைம் கீப்பருக்கு வந்த மாத்தல்

டிப்போவில் அவருக்குப் பெயர் நிமிஷம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, வேண்டுமானால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வண்டி கேட்டைத் தாண்டும்போது பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "நாலு நிமிஷம்" என்பார். லேட் என்றுகூடச் சேர்த்துச் சொல்ல மாட்டார். திட்டினால் திருப்பித் திட்டலாம், முறைத்தால் திருப்பி முறைக்கலாம். வெறுமனே நாலு நிமிஷம் என்கிறவரை டிரைவர்கள் என்ன செய்ய முடியும்? பெயர் வைத்தார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக அவர் அந்த டிப்போவின் டைம் கீப்பர். கேட்டை ஒட்டிய பத்துக்கு எட்டு அறை. உள்ளே ஒரு மேசை, ஆணியில் வரிசையாகச் சாவிகள், சுவரில் டியூட்டி சார்ட். ஜன்னலுக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு. அதுதான் ஸ்பேர் பெஞ்சு. காலை ஐந்து மணிக்கு ஆறு பேர் யூனிஃபார்ம் மாட்டி, ஷூ துடைத்து, சாப்பாட்டுப் பையோடு அதில் வந்து உட்காருவார்கள். அன்றைக்கு டியூட்டிக்காரர்களில் யாராவது வரவில்லை என்றால் நிமிஷம் ஜன்னல் கம்பியைப் பேனாவால் தட்டுவார், ஒரு ஸ்பேர் எழுந்து போய் வண்டி ஏறுவார். எல்லாரும் ஒழுங்காக வந்து தொலைத்துவிட்டால் பத்து மணிக்குப் பதிவேட்டை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து, "இன்னைக்கு வேலை இல்ல. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்பார்.

ஸ்பேர் ஆட்களுக்கு அடுத்தவன் காய்ச்சல்தான் பிழைப்பு. வாய்விட்டு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், எல்லாரும் நல்லவர்கள். ஆனால் ஒரு டிரைவர் இருமிக்கொண்டே கேட்டுக்குள் நுழைந்தால் பெஞ்சில் ஆறு தலையும் ஒன்றாகத் திரும்பும். நிமிஷம் அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். பெஞ்சில் மூத்தவர் ஒரு பெண் கண்டக்டர். ஒன்பது வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருப்பதால் பெஞ்சக்கா. காது மட்டும் அவருக்கு நிரந்தர டியூட்டியில் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் நிமிஷத்தின் ஷூ திடீரென்று பத்தாமல் போயிற்று. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று போய்ச் சண்டை பிடித்து, ஒரு அளவு பெரியதாக வாங்கி வந்தார். ஒரே மாதத்தில் அதுவும் பத்தவில்லை. மறுபடி சண்டைக்குக் கிளம்பியவரை மனைவி மறித்து மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். கடைக்காரர் பேரில் குற்றமில்லை, வீங்கியது கால் என்று அங்கே தெரிந்தது. இரண்டு சிறுநீரகமும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை நிறுத்தியிருந்தன. முறைப்படி நோட்டீஸ்கூடக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு திங்கள், புதன், வெள்ளி பிற்பகலில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். இடது முன்னங்கையில் ஒரு சின்ன அறுவை செய்து ரத்தக் குழாய்களை இணைத்துவிட்டார்கள். அந்த இடம் புடைத்துக்கொண்டு, தொட்டால் உள்ளே ஏதோ மோட்டார் ஓடுவது போல் உதறும். நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது, டீ, மோர், குழம்பு எல்லாம் அதிலேயே அடக்கம். காய்கறியை நறுக்கி, ஊற வைத்து, வேக வைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேக வைத்துச் சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிட்டால் எல்லாக் காயும் ஒரே காய்தான். அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே வண்டி கழுவும் இடம். காலையில் ஐம்பது வண்டி வயிறு நிறையக் குளித்துவிட்டுப் போகும். இவர் பாட்டில் மூடியில் ஒரு மூடி ஊற்றி நாக்கை நனைத்துக்கொண்டு, "ஆறு நிமிஷம்" என்பார்.

இத்தனையும் டிப்போவில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். காரணம் டிப்போவின் பின்பக்கம் இருந்தது. ஓடி ஓய்ந்த வண்டிகளை இனி லாயக்கில்லை என்று எழுதி அங்கே புல்லில் தள்ளிவிடுவார்கள். அதற்குக் கண்டம் என்று பெயர். கண்டமான வண்டியிலிருந்து முதலில் பேட்டரி போகும், பிறகு கண்ணாடி, சீட்டு, கடைசியில் கூடு மட்டும் நிற்கும். ஒரு டிரைவருக்கு நெஞ்சு வலி வந்து, மருத்துவக் குழு அவரை லாயக்கில்லை என்று எழுதிய மறுநாள் எல்லாரும் அவரைக் கண்டம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். "வா கண்டம், டீ சாப்பிடு" என்று தோளில் கை போட்டுத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பிரியம் தாங்காமல் அவர் ஒரே வருஷத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நிமிஷம் அன்றிலிருந்து முழுக்கைச் சட்டைக்கு மாறி, கை பட்டனையும் மாட்டிக்கொண்டார்.

ஆனால் வாரத்தில் மூன்று நாள் சரியாக ஒரு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, வீட்டுப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போய், மலை டிப்போ வண்டியில் ஏறுகிற மனிதரை உலகம் சும்மா விடுமா? அந்த வண்டி மருத்துவமனை வாசலில் நிற்கும் என்பதால் அவர் ஏறினார். மலை டிப்போக்காரர்களோடு நம் ஆட்களுக்குப் பழைய தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் எங்கே இறங்குகிறார் என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை. ஆளில்லாத இடத்தைக் கேன்டீன்காரர் நிரப்பினார். "சின்ன வீடு" என்றார்.

சாட்சியம் பலமாகத்தான் இருந்தது. ஆள் இளைத்திருக்கிறார். முழுக்கைச் சட்டை. கேன்டீன் டீயைத் தொடுவதில்லை, என்றால் வேறெங்கோ நல்ல டீ கிடைக்கிறது. செவ்வாய், வியாழன் காலையில் அசந்துபோய் வருகிறார். "இந்த வயசுல" என்று ஆரம்பித்து யாரும் அந்த வாக்கியத்தை முடிப்பதில்லை. மூன்று மாதத்தில் டிப்போவில் அவருக்கு ஒரு தனி மரியாதையே வந்துவிட்டது.

காதில் விழுந்தபோது அவருக்கு முதலில் ரத்தம் கொதித்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"யாருங்க அவ? நல்லா கவனிச்சுக்கறாளா?"

"நாலு மணி நேரம் படுக்க வெச்சு ரத்தத்தை உறிஞ்சறா."

"அது பொண்டாட்டி வேலையாச்சே" என்றாள் அவள்.

அன்றிலிருந்து டயாலிசிஸ் மெஷினுக்குச் சின்னவள் என்று பெயர். "சின்னவ வீட்டுக்குப் போறப்ப போர்வை எடுத்துக்குங்க, அங்க குளிரும்" என்று பை கட்டிக் கொடுப்பாள். வதந்தியை அவர் மறுக்கவே இல்லை. கண்டம் என்பதைவிட இது கௌரவமாக இருந்தது.

நிரந்தரத் தீர்வு சிறுநீரக மாற்று ஒன்றுதான் என்றார் மருத்துவர். மனைவிக்குச் சர்க்கரை, அதனால் அவள் கொடுக்க முடியாது. மகளுக்குக் கைக்குழந்தை, அவளிடம் கேட்கவே கூடாது என்று இவர் சொல்லிவிட்டார். அண்ணன் ஒருவர் உண்டு. "நான் எதுக்குடா இருக்கேன்? ரெண்டுல ஒண்ணு உனக்குத்தான்" என்று அணைத்துக்கொண்டு அழுதார். பரிசோதனைத் தேதியைச் சொன்ன நாளிலிருந்து அண்ணனின் போன் டவர் கிடைக்காத இடத்திலேயே இருக்கிறது. ஆக, இறந்தவர்கள் தானமாகத் தருவதற்கான பட்டியலில் பெயரைப் பதிந்தார்கள். விதி இரண்டுதான். போனை அணைக்கக்கூடாது. கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து நிற்க வேண்டும், முடியாவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும். அவர் ரத்த வகையில் பதினேழாவது ஆளாகச் சேர்ந்தார். நேரம் பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக எத்தனை மணிக்கு என்று தெரியாத ஒரு வண்டி.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை, பட்டியலைக் கவனிக்கும் அம்மாள் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார். நிமிஷம் அறைக்குள் திரும்பி நின்று தணிந்த குரலில்தான் பேசினார். ஆனால் ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளிப் பெஞ்சக்கா உட்கார்ந்திருந்தார்.

"நாலாவதா வந்துட்டேனா மேடம்? நல்லது... எப்ப கூப்பிட்டாலும் கிளம்பிடுவேன். பெட்டி கட்டியே வெச்சிருக்கேன்... சீக்கிரம் மாத்துனா போதும் மேடம், முடியல... ஓ, பழசு அங்கயேதான் இருக்குமா? அதைத் தொட மாட்டீங்க. புதுசைப் பக்கத்துலயே வெச்சுடுவீங்க. சரி, சரி... இங்க யாருக்கும் தெரியாது மேடம். தெரியவும் வேண்டாம்."

சிறுநீரக மாற்றில் கெட்டுப்போன பழைய சிறுநீரகங்களை எடுக்க மாட்டார்கள், புதியதை அடிவயிற்றில் தனியாக வைத்து இணைப்பார்கள் என்பது அவருக்கே அன்றுதான் தெரியும். பெஞ்சக்காவுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. தலைமை அலுவலகத்தில் ஒரு மேடம். மாத்தல் பட்டியலில் நாலாவது பெயர். பெட்டி தயார். பழையவளை அங்கேயே வைத்துவிட்டு, புதியவளைப் பக்கத்திலேயே குடிவைக்கப் போகிறார். ஒரே தெருவில் இரண்டு குடும்பம். பத்து மணிக்கு வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆறு பேரும் அன்று வீட்டுக்குப் போகவில்லை, கேன்டீனுக்குப் போனார்கள்.

கேன்டீனில் சங்கச் செயலாளர் இருந்தார். தன்னைவிடப் பத்து வயது மூத்தவரையும் தம்பி என்று கூப்பிடுகிற மனிதர். கேட்டு வருகிறவர்களுக்கு அவரால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. கேட்காதவர்களுக்கு உதவி செய்வதில் கெட்டிக்காரர். "மனுஷன் கூச்சப்பட்டுக்கிட்டு வாயைத் திறக்கல" என்றார். "எந்த ஊருக்கு மாத்தல் கேக்கறாரு?" மலை டிப்போ வண்டியில்தானே வாரம் மூன்று முறை ஏறுகிறார், வேறெந்த ஊருக்குக் கேட்பார் என்றார் கேன்டீன்காரர். மலை டிப்போ ஏழு மணி நேரப் பயணத்தில் இருந்தது. ஒரு மணிக்குப் புறப்பட்டு அங்கே போனவர் மறுநாள் காலை ஐந்துக்கு எப்படி இங்கே சாவி கொடுக்கிறார் என்று யாரும் யோசிக்கவில்லை. ஆசை இருந்தால் தூரம் தெரியாது என்று விட்டுவிட்டார்கள்.

செயலாளர் தலைமை அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தார். ஒரு வியாழக்கிழமை காலை, பத்துப் பன்னிரண்டு பேர் பின்னால் வர, டைம் கீப்பர் அறைக்குள் நுழைந்து, ஒரு கவரை மேசையில் வைத்தார்.

"தம்பி, மாத்தியாச்சு."

நிமிஷம் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குத் தெரியாமலா? எப்போது? கை தானாக அடிவயிற்றுக்குப் போயிற்று. "எப்படிங்க?" என்றார்.

"எப்படின்னு எல்லாம் கேக்காதீங்க. நமக்கு மேல ஆள் இருக்கு."

கவரைப் பிரித்தார். மாற்றல் ஆணை. ஏழு நாளுக்குள் மலை டிப்போவில் பணியில் சேர வேண்டும். சொந்த விருப்பத்தின் பேரில் என்று எழுதியிருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று முடிவுகட்டி, சனிக்கிழமை பிரிவு விழா என்று சொல்லிவிட்டுக் கூட்டம் கலைந்தது.

மலை டிப்போ பக்கத்தில் எங்கும் ஒரு டயாலிசிஸ் மெஷின் கிடையாது. இருந்தாலும் பயனில்லை, இரண்டு மணி நேரத்துக்குள் வர முடியாதவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இரண்டு வருஷமாக நாளுக்கு முக்கால் லிட்டரில் உயிரைப் பிடித்து பதினேழிலிருந்து நாலுக்கு வந்தவர், நாலு பேர் நல்லெண்ணத்தால் ஒரே காகிதத்தில் பட்டியலை விட்டே இறங்க வேண்டியிருந்தது. வீட்டில் ஆணையை மனைவியிடம் நீட்டினார். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"சொல்லிடுங்க" என்றாள்.

"கண்டம்னு கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும். உயிரோட இருந்தாத்தானே திரும்பிப் பார்க்க முடியும்?"

சனிக்கிழமை ஒர்க்‌ஷாப் ஷெட்டில் நாற்காலி போட்டிருந்தார்கள். பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம். இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களுக்கு மணி சொன்னவருக்குக் கடிகாரம் கொடுக்கலாம் என்று தோன்றியது யாருக்கோ. செயலாளர் பேசினார். மனித வாழ்க்கையில் பாசம் எத்தனை வகைப்படும் என்று ஆரம்பித்து, ஒரு இதயத்தில் இரண்டு பேருக்கு இடம் உண்டு என்று முடித்தார். பின்வரிசையில் விசில் அடித்தார்கள்.

நிமிஷம் எழுந்தார். இடது கை பட்டனைக் கழற்றி, சட்டையை முழங்கைவரை சுருட்டினார். தழும்பும் புடைப்புமாக இருந்த கையைப் பார்த்து முன்வரிசை பின்னால் சாய்ந்தது. அவர் செயலாளரின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.

"தம்பி, உள்ள என்னமோ ஓடுது" என்றார் செயலாளர்.

"மூணு வருஷமா ஓடுது. வாரத்துல மூணு நாள் இது வழியாத்தான் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் பண்ணித் திருப்பி விடறாங்க. நான் மலைக்குப் போகல, ஆஸ்பத்திரிக்குப் போறேன். மாத்த வேண்டியது என்னை இல்ல. என் கிட்னியை."

பெஞ்சக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் பேசியவர் தலைமை மெக்கானிக்.

"அப்ப, பழசு அங்கயே இருக்கும்னு சொன்னது?"

"கிட்னி. அதைக் கழட்ட மாட்டாங்க. புதுசைப் பக்கத்துல வெச்சு, குழாயை மட்டும் இணைப்பாங்க."

மெக்கானிக் யோசித்தார். "நம்ம வண்டியில முடியாது. எடம் பத்தாது" என்றார்.

"அப்ப அந்தம்மா?" என்று கேன்டீன்காரர் மெதுவாகக் கேட்டார்.

"மெஷின்."

அன்று டிப்போவிலேயே அதிகம் உடைந்துபோனவர் கேன்டீன்காரர்தான்.

மாத்தலை வாங்க ஆன காலத்தைவிட ரத்து செய்ய அதிகக் காலம் ஆயிற்று. அதுவரை மருத்துவ விடுப்பு. மருத்துவக் குழு அவரைக் கூப்பிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உட்கார்ந்த இடத்தில் நேரம் குறிக்கும் வேலைக்குச் சிறுநீரகம் அவசியமில்லை என்ற கருத்துப்பட எழுதிக் கொடுத்தது. திரும்பி வந்த அன்று டிரைவர் ஒருவர் ஜன்னலில் கையை ஊன்றி, "வாங்க க..." என்று ஆரம்பித்தார். தலைமை மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தம் வரும்படி கீழே வைத்தார். "...கடிகாரம் நல்லா ஓடுதா?" என்று அந்த டிரைவர் முடித்தார். கொடுத்த கடிகாரத்தைத் திருப்பி வாங்கமாட்டோம் என்று அவர் அறையிலேயே மாட்டியிருந்தார்கள். அது மூன்று நிமிஷம் வேகமாக ஓடியது, அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பல் கூசியது.

செயலாளருக்குக் குற்ற உணர்ச்சி. அவர் குற்ற உணர்ச்சியும் உதவியாகத்தான் வெளியே வரும். இனி எந்நேரமும் ஒரு வண்டி நிமிஷத்துக்காகத் தயாராக நிற்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார். வழியில் நின்றுபோன பஸ்களைப் போய்ப் பார்க்கிற பிரேக்டவுன் வேன்தான் கிடைத்தது. தன்னை எடுத்துப் போகும் பிரேக்டவுன் வேனுக்கு, தினமும் தன் கையாலேயே டியூட்டி சார்ட்டில் டிரைவர் பெயர் எழுதினார் நிமிஷம். மனைவியிடம் சொன்னபோது, "பொருத்தமான வண்டிதான்" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குப் போன் வந்தது. அவர் "சரிங்க மேடம்" என்ற இரண்டே சொல்தான் சொன்னார். பெஞ்சக்கா அதற்குள் எழுந்து நின்று வேனைப் பார்த்துக் கை காட்டிவிட்டார். தலைமை மெக்கானிக் தானே ஓட்டுவேன் என்று ஏறினார். போகிற வழியில் மனைவியை ஏற்றிக்கொண்டு, கட்டி வைத்த பெட்டியோடு, முப்பத்தெட்டு நிமிஷத்தில் மருத்துவமனை வாசல். நிமிஷம் பழக்கத்தில் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

வேனில் மனைவி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். எந்த வீட்டில் அழுதுகொண்டிருப்பார்களோ என்று மனைவி ஒரு முறை சொன்னாள். அவருக்கும் அதே நினைப்புத்தான். ஆனால் அதற்குக் கீழே ஒரு சந்தோஷம் அடக்க முடியாமல் துள்ளிக்கொண்டிருந்தது, அது அவருக்கே பயமாக இருந்தது.

ரத்தம் எடுத்துவிட்டு, தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு தம்பதி இருந்தார்கள். அவர் சலவைக்கடைக்காரர், நாற்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, இடது கையில் இதே புடைப்பு. நர்ஸ் வந்து இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கோம். ரத்தம் பொருந்துதான்னு பார்க்கணும். முதல்ல இவருக்குத்தான். இவருக்குப் பொருந்தலைன்னாலோ, காய்ச்சல் கீய்ச்சல்னு ஏதாவது இருந்தாலோ, உங்களுக்கு."

மனைவிக்குப் புரியவில்லை, என்னங்க சொல்றாங்க என்று கேட்டாள். நிமிஷத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அவ்வளவு சுருக்கமாக அந்த வேலையை அவர்கூட யாருக்கும் சொன்னதில்லை.

"ஸ்பேர்" என்றார்.

நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி வாக்கில் சலவைக்கடைக்காரர் இருமினார்.

நிமிஷத்தின் தலை திரும்பியது. அவர் திருப்பவில்லை, அதுவாகத் திரும்பியது. இன்னொரு முறை இருமுகிறாரா என்று காது காத்திருந்தது. அப்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருஷம் ஜன்னலுக்கு உள்ளே இருந்துகொண்டு, பெஞ்சில் திரும்பும் தலைகளைப் பார்த்துச் சிரித்தவர். தன்மேல் அவருக்கு வந்த அருவருப்பில் எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. உள்ளே ஒன்று இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருந்தது.

சலவைக்கடைக்காரர் மறுபடி இருமினார். நிமிஷம் நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சளியா?"

"இல்ல சார். பயந்தா எனக்கு இருமல் வரும். சின்ன வயசுலேர்ந்து."

"நர்ஸ் முன்னாடி இருமாதீங்க. காய்ச்சல்னு நெனச்சுப்பாங்க. மூக்கு வழியா மெதுவா மூச்சை இழுங்க. நான் எண்ணறேன்."

எண்ணினார். அறுபது எண்ணினால் ஒரு நிமிஷம். அப்படி ஒன்பது நிமிஷம் எண்ணியபோது இருமல் நின்றது. நல்ல காரியம் செய்தோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. வயிறெரிந்தது. எரிந்துகொண்டேதான் எண்ணினார்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் நர்ஸ் வந்தாள். சலவைக்கடைக்காரருக்குப் பொருந்திவிட்டது. அவரை உள்ளே கூட்டிப் போனார்கள். அவர் மனைவி போகிற போக்கில் நிமிஷத்தின் மனைவி கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

"நீங்க வீட்டுக்குப் போகலாம் சார். மறுபடி கூப்பிடுவோம்" என்றாள் நர்ஸ்.

நிமிஷம் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "எங்கம்மா கையெழுத்துப் போடணும்?"

"எதுக்கு சார்?"

"வந்ததுக்கு."

"அதெல்லாம் இல்லைங்க" என்றாள் அவள், இவரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே.

மனைவி வழியில் வீட்டில் இறங்கிக்கொண்டாள். சாவியையும் பதிவேட்டையும் அப்படியே போட்டுவிட்டு வந்ததால் அவர் டிப்போவுக்குத்தான் வர வேண்டியிருந்தது. காலையில் இருந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. செயலாளர், கேன்டீன்காரர், வேலையே இல்லாமல் பத்து மணிக்குப் போயிருக்க வேண்டிய ஆறு ஸ்பேர்களும் நின்றார்கள். வேனிலிருந்து தன் காலாலேயே இறங்கியவரைப் பார்த்ததும் செயலாளருக்குக் குழப்பம்.

"மாத்திட்டாங்களா தம்பி?"

"இல்ல. ஸ்பேரா கூப்பிட்டிருந்தாங்க."

மாத்துவது என்ற ஒரு சொல்லைக் கேட்டு அவரை ஏழு மணி நேரத் தூரத்துக்கு அனுப்பப் பார்த்த டிப்போ அது. இந்தச் சொல்லுக்கு ஒருவரும் ஒரு விளக்கமும் கேட்கவில்லை. செயலாளர் உதவி எதையும் அறிவிக்காமல் தரையைப் பார்த்தார். மெக்கானிக் வேன் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்.

பெஞ்சக்கா அறைக்குள் போனார். ஒன்பது வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல்முறை. மேசையிலிருந்த பதிவேட்டை எடுத்து, அன்றைய பக்கத்தைப் பிரித்து, ஜன்னல் வழியாக வெளிப்பக்கம் திருப்பி வைத்து, அதன்மேல் பேனாவை வைத்தார்.

"இன்னைக்கு வேலை இல்ல" என்றார். "கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். ஸ்பேர் பட்டியலில் அன்றைக்கு ஆறு கையெழுத்து இருந்தது. ஏழாவது வரியில் தன் பெயரை எழுதி, நேரத்தையும் குறித்தார்.